ஒரு 'டூ'வில் தொலைந்த 2,000 அடி

தஞ்சோங் பகாரில் நான் காலையில் கோப்பி வாங்கும் கடையில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார். "கோப்பி ஓ கொசொங் ஒன்று, தே சி சியூ தாய் ஒன்று, டபாவ்" என்று சொன்னால், காசை வாங்குவதற்கு முன் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்வார். உள்ளே கோப்பி கலக்குபவருக்காகத்தான் கத்துகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் ஏதோ யோசனையில் நான் 'கொசொங்' சொல்ல மறந்துவிட்டேன். அவர் "கோப்பி ஓ" என்று மட்டும் திருப்பிச் சொன்னபோதுதான் என் தவறு என் காதிலேயே விழுந்தது. உடனே திருத்திக்கொண்டேன்.

திருத்தாமல் விட்டிருந்தால் சர்க்கரை போட்ட கோப்பியைக் குடித்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் 1989ஆம் ஆண்டில் நம் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்தில், இப்படித் திருப்பிச் சொன்னதில் இருந்த தவறு யார் காதிலும் விழவில்லை. அதில் இருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

அது 'ஃப்ளையிங் டைகர்' நிறுவனத்தின் 66ஆம் எண் சரக்கு விமானம். போயிங் 747 வகை. 1989 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சாங்கியிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்குச் சென்றுகொண்டிருந்தது. இப்போது நாம் இறங்கும் கேஎல்ஐஏ அப்போது கட்டப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம் அது.

சுபாங்கை நெருங்கியதும் தரையில் இருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு கொடுத்தார்: "டைகர் 66, டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ." இரண்டு, நான்கு, சுழியம், சுழியம். அதாவது 2,400 அடிக்கு இறங்குங்கள் என்பது அவர் சொல்ல நினைத்தது.

இப்போது அந்த 'டூ' என்ற ஓசையை மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்ற எண்ணுக்கும் அந்த ஓசைதான். தமிழில் நாம் 'க்கு' என்று ஒட்டவைக்கும் வேற்றுமை உருபுக்கும் அந்த ஓசைதான். விமானியின் காதில் அது எண்ணாக விழவில்லை, 'க்கு'வாக விழுந்தது. "நான்கு, சுழியம், சுழியத்துக்கு இறங்குங்கள்" என்று புரிந்துகொண்டார். அவர் சொன்ன பதில்: "ஓகே, ஃபோர் சீரோ சீரோ." 400 அடி!

2,400 அடி என்பது சுமார் 730 மீட்டர். தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே நிற்கும் குவோக்கோ டவரின் உயரம் 290 மீட்டர். அப்படிப்பட்ட இரண்டரைக் கட்டடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது. 400 அடியோ வெறும் 122 மீட்டர்; அந்தக் கட்டடத்தின் பாதி உயரம்கூட இல்லை. சுபாங்குக்கு வரும் வழியில், பூச்சோங் பகுதியில் குன்றுகள் இருக்கின்றன. விமானம் கடல் மட்டத்துக்கு மேல் 437 அடி உயரத்தில், அதாவது 133 மீட்டரில், ஒரு குன்றின் சரிவில் மோதியது. நம் புக்கிட் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர். அதைவிடத் தாழ்வான இடம்.

இந்த இடத்தில் "கட்டுப்பாட்டாளர்தான் தவறு செய்தார்" என்று சில மாணவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சற்றுப் பொறுங்கள். உயரத்தை இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல் "இரண்டாயிரத்து நானூறு அடி" என்று முழுதாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது, அது உண்மை. ஆனால் விமானி "400" என்று திருப்பிச் சொன்னபோது, "இல்லை, 2,400" என்று திருத்த ஒரு வாய்ப்பு இருந்தது. அது நழுவியது. "ஓகே" என்று சுருக்கிச் சொல்லாமல் "400 அடிக்கு இறங்குகிறோம்" என்று விமானி முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தவறு காதில் உறுத்தியிருக்கும். விமானிகளிடம் இருந்த வரைபடத்தில் எந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று குறித்திருப்பார்கள். அதைப் பார்த்திருந்தாலும் 400 என்ற எண் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். கடைசியாக, விமானத்திலேயே ஒரு கருவி இருந்தது. கீழ்நோக்கி வானலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, தரை வேகமாக நெருங்கினால் எச்சரிக்கும் கருவி. அது எச்சரித்தது, ஒருமுறை அல்ல, பலமுறை. விமானிகள் விமானத்தை மேலே இழுக்கவில்லை. 400 அடிக்கு இறங்கத் தங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு, கருவிதான் தவறாகக் கத்துகிறது என்று தோன்றியிருக்கலாம். இது என் ஊகம். அந்த எச்சரிக்கை ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மேலே ஏறவேண்டும் என்று இன்று எல்லா விமானிகளும் பயிற்சி பெறுகிறார்கள்.

சரி, காது ஏன் ஏமாறுகிறது?

மனிதப் பேச்சில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கும். 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகளின் ஆற்றல் 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே பரவியிருக்கும். விமான வானொலியோ பழைய தொலைபேசியைப்போல ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்துகிறது. அலைவரிசையில் இடம் மிச்சப்படுத்துவதற்காக இந்த ஏற்பாடு. அதனால் உரசொலிகளில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். அதோடு இயந்திர இரைச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இடங்களை மூளை தானாக நிரப்புகிறது. எதைக் கொண்டு? எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கொண்டுதான்.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு மாணவர் அறையின் ஒரு மூலையில் நின்று ஆங்கிலத்தில் இருபது இலக்கங்களைச் சாதாரணக் குரலில் வாசித்தார். நடுவில் ஒரு மின்விசிறியும் கைப்பேசியில் ஓடிய மழைச் சத்தமும். மற்றவர்கள் கேட்டதை எழுதினார்கள். அதிகமாக மாறிப்போனவை 'ஃபைவ்', 'நைன்' இரண்டும்தான். இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரே 'ஐ' ஓசை. வேறுபடுத்திக் காட்டவேண்டிய முதல் மெய்யும் கடைசி மெய்யும் சத்தத்தில் மூழ்கிவிட்டன. பிறகு அதே பட்டியலை விமானிகளின் முறையில் வாசிக்கச் சொன்னேன். அவர்கள் ஒன்பதை 'நைனர்' என்பார்கள், ஐந்தை 'ஃபைஃப்', மூன்றை 'ட்ரீ'. வகுப்பில் ஒரே சிரிப்பு. ஆனால் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. 'நைனர்' என்பதில் கூடுதலாக ஓர் அசை இருக்கிறது. அந்த அசை இரைச்சலைத் தாண்டி வந்துவிடுகிறது. எழுத்துகளுக்கு 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். இப்போது வழக்கில் உள்ள அந்தப் பட்டியல் 1956ல் நடைமுறைக்கு வந்தது.

விமான நிறுவனங்களின் வானொலிப் பெயர்களும் அப்படியே. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களை 'ஸ்பீட்பேர்ட்' என்றும், நம் ஸ்கூட் விமானங்களை 'ஸ்கூட்டர்' என்றும் அழைப்பார்கள். ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொல்லிவிடக் கூடாதல்லவா!

அடுத்து ஒரு முக்கியமான விஷயம். தொலைபேசியில் நீங்களும் நண்பரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். விமான வானொலியில் முடியாது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேசும்போது கேட்க முடியாது. ஒரே அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?

விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், ஏஎம் முறையில் பேசுகின்றன. ஏஎம் என்றால், பேச்சுக்கு ஏற்ப வானலையின் வீச்சு கூடிக் குறையும். நாம் பாட்டுக் கேட்கும் எஃப்எம் முறையில் வீச்சு மாறாது, அதிர்வெண் மாறும். ஒரு விமானம் மிகச் சரியாக 11,90,00,000 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று 11,90,01,000 ஹெர்ட்ஸிலும் ஒலிபரப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கருவிகளும் துல்லியமாக ஒன்றாக இருக்க முடியாது. சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஏஎம் வாங்கியில் இரண்டும் கலக்கும்போது அவற்றின் வேறுபாடான 1,000 ஹெர்ட்ஸ் ஒரு கீச்சொலியாகக் கேட்கும். ஏறத்தாழ ஒரே சுருதியில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டினால் ஓசை விம்மி விம்மிக் கேட்குமே, அதே தத்துவம்தான்.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் இந்தக் கீச்சொலி ஒலித்தது. பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று கேஎல்எம், மற்றொன்று பான் அம். ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டாளராலும் இரண்டையும் பார்க்க முடியவில்லை. கேஎல்எம் விமானம் "நாங்கள் இப்போது புறப்பாட்டில்" என்று பொருள்படும் ஒரு குழப்பமான வாக்கியத்தைச் சொன்னது. புறப்படத் தயாராக நிற்கிறோம் என்பதாகக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். விமானமோ ஓடவே தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். ஒரு சிறு இடைவெளி. பிறகு "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அதே நொடிகளில் பான் அம் விமானி, "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று சொல்லப் பொத்தானை அழுத்தினார். கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும். அதற்குப் பிறகு வந்த இரண்டு செய்திகளும், எது கேட்டிருந்தாலும் விமானத்தை நிறுத்தியிருக்கக்கூடிய செய்திகள், கீச்சொலியில் சிதைந்துபோயின. 583 பேர் இறந்தனர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரே விபத்தில் இவ்வளவு பேர் அதற்கு முன்பும் இறந்ததில்லை, அதற்குப் பின்பும் இறந்ததில்லை.

அப்படியானால் ஏஎம்மைத் தூக்கியெறிந்துவிட்டு எஃப்எம்முக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வட்டாரத்திலேயே அதற்கு ஒப்பீடு இருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் பயன்படுத்தும் வானொலி எஃப்எம் முறைதான், 156 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான ஒலிபரப்பு மற்றதை முழுதாக விழுங்கிவிடும். கேட்பவருக்குத் தெளிவாக ஒரு குரல் கேட்கும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏஎம்மில் கீச்சொலியாவது கேட்கும். "யாரோ குறுக்கே பேசினார்கள், மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்க முடியும். எனக்கு இது ஏஎம்மின் பெரிய பலமாகவே படுகிறது. கேட்கவேண்டும் என்று தோன்றினால்தான் பலன் என்பது வேறு விஷயம்.

டெனரீஃபுக்குப் பிறகு ஒரு சொல்லுக்கே பூட்டுப் போட்டார்கள். விமானம் மேலெழும்புவதைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்துசெய்யும்போதும் மட்டுமே சொல்லலாம். மற்ற எல்லா இடங்களிலும் 'டிபார்ச்சர்'தான். நம்மைச் சிக்கவைத்த அந்த 'டூ'வுக்கும் பிரிட்டனில் ஒரு வேலி இருக்கிறது. "டிசெண்ட் டூ" என்ற பிறகு நேராக எண்ணைச் சொல்லக்கூடாது, நடுவில் 'ஆல்ட்டிட்யூட்' என்ற சொல்லை வைக்கவேண்டும். 'டூ'வும் எண்ணும் ஒட்டி உட்காரவே முடியாது.

எண் சரியாகக் கேட்டாலும் அது போகவேண்டிய ஆளிடம் போய்ச் சேராமல் போகலாம். 1996 நவம்பர் 12 மாலையில் டெல்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடந்தது அதுதான். டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடியில் இருக்க உத்தரவு. எதிரே டெல்லியில் தரையிறங்க வந்துகொண்டிருந்த கஸக்ஸ்தான் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர் இடைவெளி. கஸக் விமானத்தில் தரையுடன் பேசுவது விமானியின் வேலை இல்லை. அதற்கென ஒரு வானொலி அலுவலர் இருந்தார். ஆனால் அவருக்கு முன்னால் தனியாக உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்கவேண்டும். எதிரே விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார்; பதிலும் வந்தது. விமானமோ 15,000 அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இந்தியர்கள் அதில் ஏராளம்.

டெல்லியில் அப்போது இருந்த ரேடார், அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும் பழைய வகை. அது விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானி சொல்வதை நம்புவதைத் தவிரக் கட்டுப்பாட்டாளருக்கு வேறு வழி இல்லை. விபத்தை விசாரித்த நீதிபதி லஹோட்டி ஆணையம், கஸக் விமானம் தனக்குத் தரப்பட்ட உயரத்தைவிடக் கீழே இறங்கியதே காரணம் என்றது. அவர்களின் ஆங்கிலத் திறன் குறைவையும் சுட்டிக்காட்டியது. பின்னர் இந்தியாவில் உயரத்தையும் காட்டும் ரேடார்கள் வந்தன, வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன, இரு விமானங்கள் நெருங்கினால் தாங்களாகவே எச்சரிக்கும் கருவி கட்டாயமானது.

2008ல் இருந்து அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்ச்சி விதி வைத்திருக்கிறது. ஆறு படிகளில் நான்காவது படியாவது எட்டியிருக்கவேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் நம் மாணவர்களுக்கு அது எளிதுதான். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் கொச்சையாகவும் வேகமாகவும் பேசிக் குழப்பம் உண்டாக்குவார்கள் என்பதை மறக்கக்கூடாது.

பேச்சே வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று கைப்பேசித் தலைமுறை கேட்கும். அதுவும் இருக்கிறது. தென்சீனக் கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களுடன் சிங்கப்பூர்க் கட்டுப்பாட்டு நிலையம் எழுத்து வடிவிலும் செய்தி பரிமாறிக்கொள்கிறது. எழுத்தில் '2'ம் 'க்கு'வும் குழம்பாது. ஆனால் தட்டச்சு செய்து, அனுப்பி, படித்து, பதில் அனுப்ப நேரமாகும். நடுக்கடலில் அது பரவாயில்லை. தரையிறங்கும் நேரத்தில் குரல்தான் வேகம். சில நாடுகளில் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது: விமானி தன் கருவியில் எந்த உயரத்தைத் திருகி வைத்திருக்கிறாரோ, அது கட்டுப்பாட்டாளரின் திரையிலேயே தெரியும். டைகர் 66ல் யாரேனும் 400 என்று வைத்திருந்தால் அது தரையில் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

இவ்வளவும் வந்த பிறகு, 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். முந்தைய நாள் நில நடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோகக் கடலோரக் காவல் படையின் சிறிய விமானம் ஒன்று காத்திருந்தது. கட்டுப்பாட்டாளர் அதனிடம், "நம்பர் ஒன், சி5 காத்திருப்பு இடத்துக்குச் செல்லுங்கள்" என்றார். விமானி, "சி5 காத்திருப்பு இடத்துக்குச் செல்கிறோம், நம்பர் ஒன், நன்றி" என்று பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். கோப்பிக் கடை ஆன்ட்டியே பாராட்டியிருப்பார். ஆனால் விமானம் காத்திருப்பு இடத்தில் நிற்கவில்லை. ஓடுபாதைக்குள்ளேயே போய் நின்றது. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தீயிலிருந்து தப்பினார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பிழைத்தவர் அதன் விமானி. ஓடுபாதைக்குள் நுழையத் தமக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன் என்றார் அவர்.

'நம்பர் ஒன்' என்றால் புறப்படும் வரிசையில் நீங்கள் முதலில் நிற்கிறீர்கள் என்று மட்டுமே பொருள். சொற்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தன, சரியாகத் திரும்பி வந்தன. அவற்றின் பொருள் நடுவில் எங்கோ மாறிவிட்டது. விபத்துக்குச் சில நாள்களில் ஜப்பானியக் கட்டுப்பாட்டாளர்கள் அந்த வரிசை எண்ணைச் சொல்வதையே நிறுத்திவைத்தார்கள். ஆனால் தனக்கு முன்னால் எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்பது விமானிக்குத் தேவைப்படுகிற தகவல். அதனால் சில மாதங்கள் கழித்து அந்த எண் மறுபடியும் வானொலிக்குத் திரும்பியது.